பசுமைமாறாக் கொடியின் கோடைத் தூக்கம்

ஜூலை மாதத்தில் ஸ்பெயினின் மஜோர்க்கா தீவு மலைகளில் ஏறுபவர்கள் அந்தக் கொடியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். முட்புதர்களின் மேல் பழுப்பேறிக் கிடக்கும். பச்சை இலை என்று ஒன்றைத் தேட வேண்டியிருக்கும். ஜனவரியில் அதே புதருக்குப் போனால், பளபளக்கும் இலைகளுக்கு நடுவே வெளிர்மஞ்சள் மணிகள் வரிசையாகத் தலைகுனிந்து தொங்குகின்றன. ஐரோப்பாவின் பெரும்பகுதி பனியில் உறைந்திருக்கும் காலத்தில் இது பூத்துக் குலுங்குகிறது. 1753-இல் லின்னேயஸ் இதற்குச் சூட்டிய பெயர் கிளெமாடிஸ் சிர்ரோசா. போர்ச்சுகலில் தொடங்கி கிரீஸ், சைப்ரஸ், பாலஸ்தீனம், வட ஆப்பிரிக்கா என்று மத்தியதரைக் கடலைச் சுற்றி இது காட்டுக்கொடியாகவே வளர்கிறது.

நர்சரி அட்டைகளில் இதைப் பசுமைமாறாக் கொடி என்று எழுதியிருப்பார்கள். அது பாதி உண்மைதான். மத்தியதரைக் கடல் பகுதியில் மழை அக்டோபர் முதல் மார்ச் வரை பெய்யும்; கோடையில் வானம் வறண்டுவிடும். இலை என்பது நீரை ஓயாமல் ஆவியாக வெளியேற்றிக்கொண்டிருக்கும் உறுப்பு. மண்ணில் ஈரம் இல்லாதபோது அதை வைத்துக்கொண்டிருப்பது நஷ்டக் கணக்கு. ஆகவே இக்கொடி கோடையில் இலைகளைக் கைவிட்டு உறங்குகிறது, இலையுதிர்காலத்தின் முதல் மழையில் விழித்துத் துளிர்க்கிறது, குளிர்காலத்தில் பூக்கிறது. அப்போது போட்டிக்கு வேறு பூக்கள் அதிகம் இல்லை. வெயில் எட்டிப் பார்க்கும் நாட்களில் வெளியே வரும் தேனீக்களுக்கு இதுதான் விருந்து. இதே கொடியைக் கோடையும் ஈரமாக இருக்கும் இங்கிலாந்தில் நட்டால், ஆண்டு முழுவதும் ஓரளவு பச்சையாகவே நிற்பதும் உண்டு. பசுமை மாறுமா மாறாதா என்பதை இனம் மட்டுமல்ல, இடமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

தூங்கும் செடியைச் செத்த செடி என்று நினைத்துப் பிடுங்கி எறிவதும், பிழைக்க வைக்கிறேன் என்று தண்ணீரை ஊற்றி வேரை அழுகவிடுவதும்தான் இக்கொடிக்கு நேரும் பெரிய ஆபத்துகள். அதனால் இனத்தைச் சரியாக அறிந்துகொள்ள வேண்டும்.

கிளெமாடிஸ் பேரினத்தில் ஏறக்குறைய 300 இனங்கள் உள்ளன. எதிலும் உண்மையான அல்லி இதழ் கிடையாது. நாம் இதழ் என்று ரசிப்பதெல்லாம் நிறமேறிய புல்லி இதழ்களே, பெரும்பாலும் நான்கு. இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே இருக்கும். இதன் குடும்பமான ரனன்குலேசியேவில் இது அபூர்வம். சிர்ரோசாவை அடையாளம் காட்டும் குறிகளில் ஒன்று பூவுக்கு நேர் கீழே இருக்கும் சின்னக் கிண்ணம். இரண்டு பூவடிச் செதில்கள் ஒட்டி உருவானது. மஜோர்க்கா அடங்கிய பலேரிக் தீவுகளின் வகையில் இலை நுணுக்கமாகப் பிளவுபட்டிருக்கும், பூவின் உட்புறத்தில் செம்பழுப்புப் புள்ளிகள் சிதறியிருக்கும். அத்தீவுகளின் விதையிலிருந்து கெர்ன்சியின் கிளெமாடிஸ் வல்லுநர் ரேமண்ட் எவிசன் உருவாக்கிய ‘ஃப்ரெக்கிள்ஸ்’ என்ற ரகத்தில் புள்ளிகள் இன்னும் அடர்த்தி. பூ குனிந்திருப்பதால் அவற்றைக் கீழிருந்து நிமிர்ந்து பார்த்தால்தான் தெரியும். தலைக்கு மேல் வளைவு அமைத்து ஏற்றாவிட்டால் இந்த ரகத்துக்குக் கொடுத்த காசு வீண்.

இதோடு குழம்பக்கூடியது இமயமலையின் கிளெமாடிஸ் நபௌலென்சிஸ். அதுவும் குளிர்காலத்தில் பூப்பதுதான், தோட்டங்களில் அதுவும் கோடையில் இலை உதிர்க்கும். ஆனால் அதன் பாலேட்டு நிறப் பூவிலிருந்து ஊதா மகரந்தத் தாள்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒருமுறை பார்த்தவர் பிறகு தவறவிட மாட்டார். சீனாவின் கிளெமாடிஸ் அர்மாண்டியை இலையைக் கொண்டே சொல்லிவிடலாம்: தோல்போலத் தடித்து நீண்ட மூன்று சிற்றிலைகள். வசந்தத் தொடக்கத்தில் மணக்க மணக்கப் பூக்கும். பாண்டாவை 1869-இல் மேற்குலகுக்கு அறிமுகப்படுத்திய பிரெஞ்சுப் பாதிரியார் அர்மான் டேவிட்டின் பெயர் அது. நியூசிலாந்தின் கிளெமாடிஸ் பானிகுலேட்டாவில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. அதே பெயரில் ஜப்பானிய இனம் ஒன்றையும் நர்சரிகளில் விற்பதுண்டு. வசந்தத்தில் பூத்தால் நியூசிலாந்துக்காரர்; கோடை முடிவில் பூத்தால் ஜப்பான்காரர்.

இனி வளர்ப்பு. லேசான உறைபனியை வளர்ந்த சிர்ரோசா தாங்கும். கடும்பனியும் காய்ந்த காற்றும் சேர்ந்தால் தாங்காது. அதனால் பிரிட்டனில் தெற்கு நோக்கிய சுவரோரமாக நடுகிறார்கள். பிறந்த ஊர் சுண்ணாம்புக்கல் மலை என்பதால் நீர் தேங்காத மண் வேண்டும். கத்தரிப்பது பூ முடிந்தவுடனே; தள்ளிப்போட்டால் அடுத்த பருவத்தின் மொட்டு வரவிருக்கும் தண்டையே வெட்டிவிடுவோம். கசங்கிய இலையில் உண்டாகும் புரோட்டோஅனிமோனின் என்ற பொருள் தோலை எரிக்கும், கையுறை அவசியம்.

படர என்ன கட்டுவது என்பதற்கு டார்வினிடமே பதில் இருக்கிறது. ஏறுகொடிகளைப் பற்றி 1865-இல் அவர் வெளியிட்ட நீண்ட ஆய்வில் கிளெமாடிஸ் இனங்கள் பலவற்றைச் சோதித்திருக்கிறார். இக்கொடிக்குப் பற்றுக்கம்பி கிடையாது; இலைக்காம்பே பற்றும் கை. மெல்லிய குச்சி உரசினால் காம்பு அதை உணர்ந்து அந்தப் பக்கமாக வளைகிறது, சுற்றிக்கொள்கிறது, பிறகு தடித்துக் கட்டையாக இறுகுகிறது. எதையும் பற்றாத காம்பு அப்படித் தடிப்பதில்லை. தொடுவதை அறியும் இந்த இலைக்காம்பு கிளெமாடிஸின் பூவைவிட எனக்குப் பெரிய ஆச்சரியம். தோட்டக்காரருக்கு இதில் ஒரு கட்டளையும் இருக்கிறது: தடித்த மூங்கிலைக் காம்பால் சுற்ற முடியாது; கம்பியோ வலையோ கட்டுங்கள்.

நம் மலைகளில் இது வளருமா? ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, கொடி உலர்ந்து உறங்க விரும்பும் மாதங்களில், ஊட்டியில் தென்மேற்குப் பருவமழை. வடகிழக்குப் பருவமழையை அதிகம் நம்பியிருக்கும் கொடைக்கானல் கணக்கு இதற்கு ஓரளவு ஒத்துவரும். அங்கே முயல விரும்புபவர்கள் தொட்டியில் வைத்து, அந்த உறக்க மாதங்களில் மழை படாத தாழ்வாரத்துக்கு நகர்த்திவிடலாம். சமவெளியில் முயலவே வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலைக்குச் சொந்தமான கிளெமாடிஸ் இனங்கள் நமக்கு இருக்கின்றன. அவற்றில் கிளெமாடிஸ் வைட்டியானா, சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றித் தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்ந்த ராபர்ட் வைட்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நீலகிரிப் பக்கம் போகிறவர்கள் சோலை ஓரங்களில் எதிரெதிர் இலைகளும் இறகு முளைத்த விதைகளும் கொண்ட கொடியைக் கண்டால் பறிக்காமல் நின்று பாருங்கள்.