புரவலரும் படைப்பும்

நூலாசிரியனுக்குப் பொருள் உதவியவன் அந்நூலின்மேல் எத்துணை உரிமை உடையவன்? இது பழையதொரு வினா. தம்மை ஆதரித்த சடையப்ப வள்ளலைக் கம்பர் நூறு பாட்டுக்கு ஒருகாற் பாடினார் என்றும், அரங்கேற்றத்தின்போது அவையோர் அதனை மிகையென்று கூறவே ஆயிரத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டார் என்றும் செவிவழிச் செய்தி உண்டு. ஆங்கு வள்ளல் ஒருவர். வள்ளல்கள் எழுபத்து நாலாயிரவர் ஆயின் நிலைமை யாதாகும்? அமெரிக்க நாட்டிற் கணனி விளையாட்டுக்களை முன்னிட்டு இவ்வினா நம் காலத்தில் எழுந்தது.

விளையாட்டுத்தானே என்று இலக்கிய அன்பர்கள் இதனை ஒதுக்கிவிடல் ஆகாது. பாத்திரமேற்று ஆடும் இவ்வகை விளையாட்டிலே ஆடுபவன் கதைமாந்தருள் ஒருவன் ஆகிறான், பிறரோடு உரையாடுகிறான், அவன் தேர்ந்துரைக்கும் விடைக்கேற்பக் கதையின் போக்கு மாறுகிறது. 1998 இல் வெளிவந்த ‘போல்டர்ஸ் கேட்’, 1999 இல் வெளிவந்த ‘பிளேன்ஸ்கேப்: டோர்மென்ட்’ என்பன இத்துறையிற் புகழ்பெற்றவை. பின்னர் வெளியீட்டு நிறுவனங்கள் இப்பழைய பாணி ஆக்கங்களுக்கு முதலிடத் தயங்கின. எனவே கலிபோர்ணியாவிலுள்ள ஒப்சிடியன் நிறுவனம், 2012 செப்டெம்பரில், ‘கிக்ஸ்டார்ட்டர்’ என்னும் இணையவழி நிதிக்களத்தினூடாக இரசிகரிடமே நேரிற் பொருள் வேண்டி நின்றது. கேட்டது 1,100,000 டொலர். ஏறக்குறைய ஒரு நாளிலே அத்தொகை சேர்ந்தது. ஒரு மாத முடிவில் 73,986 பேர் 3,986,929 டொலர் வழங்கியிருந்தனர்.

‘பில்லர்ஸ் ஒவ் எட்டேர்னிட்டி’ என்னும் அவ்வாக்கம் 2014 ஏப்ரிலில் வருமெனக் கூறப்பட்டு, 2015 மார்ச் 26 இலேயே வெளிவந்தது. திறனாய்வாளர் பலர் அதனைப் போற்றினர். மனக்குறை வேறோரிடத்திற் பிறந்தது. பெருந்தொகை அளித்தோர்க்குக் கதையுலகில் இடம் தருவதாக நிறுவனம் உறுதி கூறியிருந்தது. அதன்படி சிலர் கதைமாந்தராய் ஊர்த்தெருக்களில் நின்றனர்; சிலருடைய வாசகங்கள் நினைவுக்கற்களிற் பொறிக்கப்பட்டன. பொன்னிறத்தில் பெயர் தாங்கி நின்ற அம்மாந்தர்க்கும் மூலக்கதைக்கும் தொடர்பில்லை. ஆழ்ந்து படித்துவரும் வேளையில் அயலார் குறுக்கிடுவதுபோல் இருக்கிறதென்று ஆடுவோர் பலர் சலித்துக்கொண்டனர். நூற்றுக்கு ஒன்று மிகையென்ற அவையோரின் முறையீடும் இதுவேயன்றோ?

நினைவுக்கல் ஒன்றிலிருந்த நகைச்சுவைப் பாட்டோ பெரும்பூசலை விளைத்தது. அது திருநங்கையரை இழிவுசெய்கின்றது என்று ஒரு சாரார் கண்டித்தனர். உரிய ஆய்வின்றி அப்பாட்டு உட்புகுந்துவிட்டது என்று நிறுவனம் ஒப்புக்கொண்டு, எழுதிய கொடையாளரையே அணுகியது. அவர் வேறொரு பாட்டைத் தந்தார். 2015 ஏப்ரிலில் பழையது நீங்கிப் புதியது ஏறியது. வேடிக்கையாய் எழுதியது தவறாகக் கொள்ளப்பட்டமையால் மாண்ட புலவன் ஒருவனைப் பற்றியது அப்புதிய பாட்டு! அவ்வளவில் அமைதி உண்டாகவில்லை. விலை கொடுத்துப் பெற்ற இடத்திற் பொறித்த சொல்லைப் பிறர் கூச்சலுக்கு அஞ்சி மாற்றுவதோ என்று மற்றொரு சாரார் வெகுண்டனர்.

இரு சாராரும் நோக்கத் தவறிய உண்மை ஒன்றுண்டு. பாட்டை நீக்கியது குற்றமன்று; நீக்காது வைத்திருப்பினும் அதுவன்று முதற்குற்றம். எழுதுகோலின் ஒரு பகுதியை விலைக்குக் கொடுத்துவிட்டு, எழுதப்பட்டதை ஆராயாது ஏற்றதே குற்றம். கம்பர் கதையில் அவையோரின் ஆய்வு அரங்கேற்றத்திலே நிகழ்ந்தது. இங்கோ நூல் உலகெங்கும் பரவிய பின்னர் நிகழ்ந்தது.

இதனினும் வருந்தத்தக்கது மற்றொரு நிகழ்ச்சி. இன்எக்சைல் என்னும் நிறுவனம் ‘டோர்மென்ட்: டைட்ஸ் ஒவ் நியூமெனேரா’ என்னும் ஆக்கத்துக்கு 2013 இல் 74,405 பேரிடம் 4,188,927 டொலர் பெற்றது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களாலாய பெருங்கதை அது. இத்தாலிய மொழிபெயர்ப்பும், கூடுதலான துணைப்பாத்திரங்களும் வாக்களிக்கப்பட்டவற்றுட் சில. 2017 பெப்ரவரியில் நூல் வெளிவரும் தறுவாயிலேயே, இத்தாலிய மொழிபெயர்ப்பு இல்லை என்பதும், துணைப்பாத்திரங்கள் குறைக்கப்பட்டன என்பதும் அன்பர்க்குத் தெரியவந்தன. தம் தாய்மொழியிற் படிக்கலாம் என நம்பிப் பொருள் ஈந்து, ஏறத்தாழ நான்காண்டு காத்திருந்த இத்தாலியரின் சினத்தை மிகையென்று எவர் கூறுவர்? பெருங்கதையைச் சுருக்குதல் ஆசிரியர்க்கு இயல்பான உரிமை. சுருக்கியதை மறைத்துவைத்தல் எவர்க்கும் உரிமையன்று.

ஆகவே, பொருள் ஈந்தவனுக்கு வாக்கின்மேல் உரிமை உண்டு, எழுதுகோலின்மேல் இல்லை. கதை இவ்வாறு முடியவேண்டும், இப்பாத்திரம் இவ்வாறு பேசவேண்டும் என ஆயிரவர் ஆயிரம் விதமாய்க் கட்டளையிடின் நூல் நூலாகாது. ஆயினும் தருவதாகச் சொன்னதைத் தரல் வேண்டும். தர இயலாதாயின் அதனைக் காலத்தே எடுத்துரைத்தல் வேண்டும்.

ஒப்சிடியன் நிறுவனம் தன் நூலின் இரண்டாம் பாகத்துக்காக 2017 இல் மீண்டும் மக்களை நாடியபோது, கொடையாகவும் முதலீடாகவும் 4,400,000 டொலருக்கு மேற் கிடைத்தது. பொன்னிறப் பெயர்களைக் கண்டு சலித்தோரும் பாட்டின் பொருட்டுப் பூசலிட்டோரும் இருந்த அதே அன்பர் உலகம் இரண்டாம் முறையும் கைகொடுத்தது. குறை கூறும் புரவலன் பகைவன் அல்லன். நூல் நன்கு அமைதல் வேண்டும் என்னும் ஆசையே அவனைப் பேசுவிக்கின்றது. வாக்குப் பிழைத்தவிடத்து அவன் பேச்சொழிந்து அகல்வானாயின், அதுவே படைப்பாளன் அஞ்சத்தக்கது.