ஊரார் காத்த வரலாறு

'நாசரேத்' என்றவுடன் நம்மில் பலருக்கும் தூத்துக்குடி மாவட்டத்து ஊரே நினைவுக்கு வரும். வேதாகமம் அறிந்தவர்களுக்கு இயேசுபிரான் வளர்ந்த ஊர் நினைவுக்கு வரும். நான் இங்கே எழுதப் போவது மூன்றாவதாக ஒரு நாசரேத்தைப் பற்றி. அது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பெத்லகேம் என்னும் நகரிலிருந்து சுமார் 10 மைல் தொலைவில் இருக்கும் ஒரு சிற்றூர். அந்த ஊரில் 1857-ஆம் ஆண்டு ஒரு வரலாற்றுச் சங்கம் தோன்றியது. தங்கள் முன்னோரின் வீடுகளையும் தாள்களையும் கருவிகளையும் அழியாமல் காக்க வேண்டும் என்று ஊரார் கூடி அமைத்த சங்கம் அது. இன்றும் நடைபெற்று வருகிறது.

பழம்பெருமை பேசச் சங்கம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். பெருமையை மட்டும் பேசுவதற்கு வாயே போதும். உண்மையைக் காப்பதற்குத்தான் சங்கம் வேண்டும். அதை இந்த நாசரேத்தாரின் கதை நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

யார் இந்த மொரேவியர்?

இன்றைய செக் நாட்டில் பொகீமியா, மொரேவியா என்று இரு பகுதிகள் உள்ளன. அங்கே திருச்சபையின் குறைகளைத் துணிந்து கண்டித்த யான் ஹுஸ் என்னும் அறிஞர் 1415-ஆம் ஆண்டு உயிரோடு எரிக்கப்பட்டார். அவர் வழி நின்றோர் 1457-இல் 'சகோதரர் ஐக்கியம்' என்ற அமைப்பை நிறுவினர். படங்களோடு பாடம் சொல்லும் நூலை 1658-இல் வெளியிட்ட கல்வியாளர் கொமீனியஸ் இந்த ஐக்கியத்தின் ஆயர்களுள் ஒருவர்.

1620-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் அடக்குமுறை மிகுந்தது. பலர் நாட்டை விட்டு ஓடினர். சிலர் மறைந்து வழிபட்டனர். நூறு ஆண்டுகள் கழித்து, 1722-இல், கிறிஸ்டியன் தாவீது என்ற தச்சரின் துணையோடு சில அகதிக் குடும்பங்கள் எல்லை தாண்டி ஜெர்மனியின் சாக்சனிப் பகுதிக்கு வந்தன. ஸின்ஸெண்டார்ஃப் என்ற இளம் பிரபு தம் நிலத்தில் அவர்களுக்கு இடம் கொடுத்தார். அங்கே எழுந்த ஊரே ஹெர்ன்ஹூட். அகதிகள் ஊர் அமைத்துப் பத்தே ஆண்டுகளில், 1732-இல், அவர்களுள் இருவர் கரீபியக் கடலின் செயின்ட் தாமஸ் தீவில் இருந்த அடிமைகளுக்குச் சமயப் பணி செய்யப் புறப்பட்டுவிட்டனர்.

நாசரேத்து எழுந்த விதம்

மொரேவியர் 1735-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு வந்தனர். அங்கே நிலைக்க முடியாமல் 1740-இல் பென்சில்வேனியா சென்றனர். புகழ்பெற்ற சொற்பொழிவாளரான ஜார்ஜ் ஒயிட்ஃபீல்ட் அப்போது 5,000 ஏக்கர் நிலம் வாங்கி, கறுப்பினக் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி கட்ட எண்ணியிருந்தார். அந்தக் கட்டட வேலையை மொரேவியத் தச்சரிடமும் கொத்தரிடமும் ஒப்படைத்தார். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே சமயக் கொள்கை பற்றி இரு தரப்பாருக்கும் கருத்து வேறுபாடு முற்றியது; வேலை நின்றது. பின்னர் ஒயிட்ஃபீல்டுக்குப் பணமுடை ஏற்பட, 1741-இல் மொரேவியரே அந்த நிலத்தை வாங்கிக்கொண்டனர். கல்லாலான அந்தப் பெரிய வீட்டை 1743-இல் கட்டி முடித்தனர். அந்த 'ஒயிட்ஃபீல்ட் இல்லம்'தான் இன்று சங்கத்தின் அருங்காட்சியகம். 1740-இல் வேலையாட்கள் குளிருக்கு ஒதுங்க மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய சிறு வீடும் பக்கத்தில் காக்கப்பட்டு வருகிறது. வட அமெரிக்காவில் எஞ்சியிருக்கும் மொரேவியக் கட்டடங்களில் மிகப் பழையது அதுவே.

அருகிலிருந்த பெத்லகேமுக்கு 1741-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் முன்னிரவில் பெயர் சூட்டப்பட்டது. அங்கே 1762 வரை எல்லோருக்கும் பொதுவான உழைப்பு, பொதுவான களஞ்சியம் என்ற முறை நிலவியது. முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள் நடந்தன. மணமாகாத ஆண்கள், மணமாகாத பெண்கள், கைம்பெண்கள் எனப் பிரிவு பிரிவாகத் தனித்தனி இல்லங்களில் வாழ்ந்தனர். 1742-இல் பிரபுவின் மகள் பெனிக்னா பதினாறு வயதில் பெண்களுக்கென ஒரு பள்ளி தொடங்கினார். இன்றைய மொரேவியப் பல்கலைக்கழகத்தின் வித்து அதுவே.

தண்ணீர் மேடேறிய விந்தை

இயற்பியல் மாணவனாகிய என்னை மிகவும் கவர்ந்தது பெத்லகேமின் நீரேற்று நிலையம். ஊர் குன்றின் மேல். ஊற்று கீழே ஓடைக்கரையில். குடம் சுமந்து ஏறுவதே வழக்கம். ஹான்ஸ் கிறிஸ்டோபர் கிறிஸ்டென்சென் என்ற ஆலைத் தச்சர், ஓடை நீரின் வேகத்தால் சுழலும் சக்கரத்தைக் கொண்டு பம்பை இயக்கி, ஊற்று நீரை ஏறக்குறைய 90 அடி உயரத்துக்கு ஏற்றிக் காட்டினார். அது 1755-ஆம் ஆண்டு. மேலே கோபுரத் தொட்டியில் சேர்ந்த நீர், அங்கிருந்து தன் எடையாலேயே இறங்கி வீடுகளுக்கு அருகில் இருந்த தொட்டிகளை அடைந்தது. குழாய்கள் யாவும் நடுவில் துளையிட்ட மரத்தடிகள்! 90 அடி நீர்மட்டம் ஏறக்குறைய 2.7 வளிமண்டல அழுத்தத்தைத் தரும் என்பதை நாம் கணக்கிட்டுப் பார்க்கலாம். மரக்குழாய் அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டுமென்றால் தச்சனின் கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்திருக்க வேண்டும்! 1762-இல் இதை விரிவுபடுத்திக் கட்டிய கற்கட்டடம் இன்றும் நிற்கிறது.

ஆனால் அது தானாக நின்றுவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்த ஓடைக்கரை பழைய கார்களைப் போட்டு உடைக்கும் இடமாகிக் கிடந்தது. பெத்லகேம் ஊரார் 1957-இல் தங்களுக்கென ஒரு வரலாற்று அமைப்பை உண்டாக்கி, அந்தக் குப்பைமேட்டை அகற்றி, கட்டடங்களைச் சீர்செய்தனர். 1981-இல் நீரேற்று நிலையம் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஊரார் அன்று கைவைக்காமல் இருந்திருந்தால் அறிவிப்பதற்கு அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது.

சங்கம் ஏன் தோன்றியது?

இப்போது நாசரேத்துக்குத் திரும்புவோம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், மொரேவியர் மட்டுமே வாழ்ந்த ஊர்களில் பிறரும் நிலம் வாங்கிக் குடியேறத் தொடங்கினர். ஜெர்மன் மொழி மறைந்து ஆங்கிலம் பரவியது. பாட்டனார் எழுதியதைப் பேரன் படிக்க முடியாத நிலை வந்தது. இந்த நிலையில்தான், ஐக்கியம் தோன்றி 400 ஆண்டுகள் நிறைந்த 1857-இல் சங்கம் அமைந்தது.

சங்கத்தார் தொடக்கத்தில் செய்த பணிகளுள் ஒன்று மனத்தைத் தொடுவது. நியூயார்க் மாநிலத்தில் ஷெகோமெகோ என்ற இடத்தில் மொஹிக்கன் இனப் பழங்குடியினரும் மொரேவியரும் சேர்ந்து வாழ்ந்த ஒரு சிற்றூர் 1740-களில் இருந்தது. அன்றைய அரசு 1744-இல் மொரேவியப் போதகர்களை வெளியேற்றச் சட்டம் போட்டது. ஊரே கலைந்து போனது. நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1859-இல், நாசரேத்துச் சங்கத்தார் அந்த இடத்தைத் தேடிக் கண்டு ஒரு நினைவுக்கல் நாட்டினர். அழிந்துபோன ஊருக்கும் ஒரு கல் வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியது!

சங்கத்தின் சேகரிப்பில் ஹைட் என்ற ஓவியர் 18-ஆம் நூற்றாண்டில் தீட்டிய படங்கள் உள்ளன. ஜான் ஆன்டெஸ் 1759-இல் செய்த வயலின் உள்ளது. அமெரிக்காவில் செய்யப்பட்ட மிகப் பழைய வயலின்களுள் அதுவும் ஒன்று. மொரேவியரின் கொண்டாட்டங்களும் மறையவில்லை. பித்தளைக் குழல்களின் இசை, ரொட்டியும் காப்பியும் பகிர்ந்துண்ணும் 'அன்பின் விருந்து', கிறிஸ்துமஸ் நட்சத்திரம் எல்லாம் இன்றும் தொடர்கின்றன. அந்த நட்சத்திரம் ஜெர்மனியின் நீஸ்கி ஊர்ப் பள்ளியில் வடிவியல் பாடமாகப் பிறந்தது என்றால் வியப்பாக இல்லையா? 18 சதுர முகங்களும் 8 முக்கோண முகங்களும் கொண்ட ஒரு திண்மத்தை எடுத்து, தொங்கவிட ஒரு முகத்தை விட்டுவிட்டு, மற்ற 25 முகங்களிலும் கூம்பிய காகிதக் கதிர்களைப் பொருத்தினால் அந்த நட்சத்திரம் கிடைக்கும்.

சாமானியர் எழுதிய வாழ்க்கை

மொரேவியரிடம் நான் மிகவும் போற்றும் வழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வோர் உறுப்பினரும் தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதி வைப்பார். எழுத இயலாதவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதுவர். அவர் இறந்ததும் அடக்கத்தின்போது அது சபையில் படிக்கப்படும். பின்பு காப்பகத்தில் வைக்கப்படும். செருப்புத் தைத்தவர், துணி நெய்தவர், சமையற்கட்டில் உழைத்த பெண், யாராயினும் அவருக்கு ஒரு வரலாறு உண்டு. பெத்லகேமின் ஆவணக் காப்பகத்தில் இத்தகைய ஏடுகள் பெருந்தொகையாக உள்ளன. பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்க அங்கே பயிற்சி வகுப்பும் நடத்துகிறார்கள்.

என் வீட்டில் கல்லூரிப் படி மிதித்தவன் நானே முதல்வன். என் தாத்தாவின் தகப்பனார் பெயர் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நிலப்பத்திரம் இருந்தால் அதில் பெயர் இருக்கும். நிலமே இல்லாதவருக்கு ஏது பத்திரம்? நம் கோயில் கல்வெட்டுகளில் கொடை தந்தவர் பெயர் இருக்கும். கல் சுமந்தவர் பெயர் பெரும்பாலும் இராது. ஆகவேதான் செருப்புத் தைத்தவரின் வரலாற்றையும் காத்து வைத்த ஒரு சமூகத்தைப் பற்றிப் படிக்கும்போது எனக்குப் பொறாமையே உண்டாகிறது.

மறைக்கக் கூடாதவை

ஆயினும் இந்தப் பெட்டியைத் திறந்தால் பெருமை மட்டும் வெளிவருவதில்லை. நாசரேத்து எழுந்த நிலம் லெனாப்பி பழங்குடியினரின் நிலம். 1737-இல் பென் குடும்பத்தார், ஒரு மனிதன் ஒன்றரை நாளில் நடக்கும் தூரம் வரை தங்களுக்கு உரியது என்று ஒரு பழைய பத்திரத்தைக் காட்டினர். பின்னர் முன்கூட்டியே வழி சீர்செய்து, வேகமாக நடக்கும் மூவரை அமர்த்தி, ஏராளமான நிலத்தைக் கைப்பற்றினர். அந்த வஞ்சனைக்குப் பின்னரே அந்த நிலம் கைமாறி மொரேவியரிடம் வந்தது.

மேலும், மொரேவியர் அடிமைகளையும் வைத்திருந்தனர். ஆப்பிரிக்காவில் பிறந்து, அடிமையாக பெத்லகேமுக்குக் கொண்டுவரப்பட்ட ஆண்ட்ரூ என்பவரின் வாழ்க்கை வரலாறும் அதே காப்பகத்தில் இருக்கிறது. அங்குள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில் ஐரோப்பியர், ஆப்பிரிக்கர், பழங்குடியினர் எல்லோரும் ஒரே அளவான தட்டைக் கற்களின் கீழ் அருகருகே கிடக்கின்றனர். ஆனால் வட கரோலினாவில் அவர்கள் அமைத்த சேலம் நகரில் 1816-இல் கறுப்பினத்தாருக்குத் தனி இடுகாடு ஒதுக்கப்பட்டது. சாவிலும் சமம் என்று கற்பித்தவர்களே சாவிலும் பிரித்தனர்! இதை அவர்களே எழுதிவைத்த குறிப்புகளிலிருந்துதான் நாம் அறிகிறோம். 2006-இல் மொரேவிய சபையின் தென் மாகாணத்தார் அடிமை முறையில் தங்களுக்கிருந்த பங்குக்காக மன்னிப்புக் கோரினர். 2017 முதல், சேலத்தில் அடிமைகள் வாழ்ந்த இடங்களை ஆராய்ந்து காட்டும் பணியும் நடந்து வருகிறது. தாள்களை எரித்திருந்தால் பெருமை மிஞ்சியிருக்கும், நியாயம் மிஞ்சியிருக்காது.

நம் கரையைத் தொட்ட அலை

மொரேவியர் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். ஸின்ஸெண்டார்ஃப் சிறுவனாக ஹாலே நகரில் படித்தபோது, சீகன்பால்கு பணியாற்றிய தரங்கம்பாடியிலிருந்து வந்த செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர். பின்னர் 1760-இல் மொரேவியரே தரங்கம்பாடிக்கு வந்து, அதன் அருகே 'சகோதரர் தோட்டம்' என்ற குடியிருப்பை அமைத்துக் கைத்தொழில் செய்து வாழ்ந்தனர். அங்கிருந்து 1768-இல் நிக்கோபார் தீவுகளுக்குச் சென்றவர்களுள் பலர் காய்ச்சலுக்குப் பலியாயினர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நம் மண்ணில் இருந்த அந்தத் தோட்டத்தைப் பற்றி நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம் புதுதில்லியில் கூடிய யுனெஸ்கோ உலக மரபுக் குழு, ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட், அமெரிக்காவின் பெத்லகேம், வட அயர்லாந்தின் கிரேஸ்ஹில் ஆகிய மூன்று ஊர்களையும், 2015-லேயே பட்டியலில் இடம்பெற்ற டென்மார்க்கின் கிறிஸ்டியான்ஸ்ஃபெல்டுடன் சேர்த்து உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அகதிகள் கட்டிய ஊர்களுக்கு அந்தப் பெருமை நம் தலைநகரில் கிடைத்தது மகிழ்ச்சிக்குரியது.

நாம் செய்யக்கூடியது

நாசரேத்துச் சங்கம் அரசாணையால் பிறந்ததன்று. ஊரார் சிலர் கூடினர், பழைய வீடு ஒன்றைக் கேட்டுப் பெற்றனர், கிடைத்ததைச் சேர்த்தனர், படிக்கத் தெரிந்தவர் மற்றவர்க்குப் படித்துச் சொன்னார். இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. நம் கல்லூரியில் பல ஊர்களிலிருந்து வந்து படிக்கிறோம். இந்தக் கோடை விடுமுறையில் ஒவ்வொருவரும் நம் ஊரில் மூத்தவர் ஒருவரிடம் அமர்ந்து, அவர் பிறந்தது முதல் நடந்ததைச் சொல்லக் கேட்டு, பத்துப் பக்கம் எழுதி வருவோம். பஞ்சகாலம், கூலி, கிணறு, பள்ளிக்கூட வாசலில் நிறுத்தப்பட்டது என எதையும் விடாமல், அவர் சொன்னபடியே எழுதுவோம். அந்தக் குறிப்பேடுகளை வைக்க நம் நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்கித் தருமாறு நம் பேராசிரியப் பெருமக்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். முதல் குறிப்பேட்டை என் பாட்டியிடம் கேட்டு நான் எழுதித் தருகிறேன்.