காலைக் கூட்டத்தில் யார் பேசுவது?

பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத்தில், தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் ஆட்கள் கூடுவார்கள். கிராணி பெயர் வாசிப்பார். யாருக்கு எந்த நிரை என்று தண்டல் சொல்வார். சிறிது நேரத்தில் கூட்டம் கலைந்து காட்டுக்குள் போய்விடும்.

தோட்டத்துப் பிள்ளைகளில் கணினித் துறைக்குப் போனவர்கள் இன்று இன்னொரு பெரட்டில் நிற்கிறார்கள். தினமும் பதினைந்து நிமிடம், பெரும்பாலும் நின்றபடியே நடக்கும் இதற்கு ‘டெய்லி ஸ்கிரம்’ என்று பெயர். ‘ஏஜைல்’ எனப்படும் நெகிழ்வான வேலை முறையின் அன்றாடச் சடங்கு இது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் பெரட்டில் ஒருவர் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள். ஸ்கிரமில் வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும். இருபது ஆண்டு அனுபவமுள்ள திட்ட மேலாளர்கள் புதிய முறைக்கு மாறும்போது இடறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அவர்கள் பழகிய முறைக்கு ‘நீர்வீழ்ச்சி முறை’ என்று பெயர். தேவைகளை முழுமையாக எழுதி வாங்குவது, வடிவமைப்பது, கட்டுவது, சோதிப்பது, ஒப்படைப்பது என்று படிப்படியாகக் கீழே இறங்கும் முறை. மேலிருந்து விழுந்த நீர் திரும்ப ஏறாது. 1970-இல் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இந்தப் படம் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இப்படியே செய்தால் ஆபத்து என்றுதான் ராய்ஸ் அதில் எச்சரித்தார். சோதனை கடைசியில் வருவதால், தவறு தெரியும்போது திரும்பப் போக வழி இருக்காது என்றார். பலர் படத்தை எடுத்துக்கொண்டார்கள், எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

அதன் விலை என்ன என்பதற்கு அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. நல்ல உதாரணம். வழக்குக் கோப்புகளைக் கணினியில் ஏற்றும் திட்டம் ஒன்றுக்குச் சுமார் 170 மில்லியன் டாலர் செலவழித்து, 2005-இல் அதைக் கைவிட்டார்கள். மறு ஆண்டு ‘சென்டினல்’ என்ற பெயரில் இன்னொரு திட்டத்தைத் தொடங்கினார்கள். அதற்கு ஒதுக்கப்பட்டது 451 மில்லியன் டாலர். 2010-இல் பணத்தின் பெரும்பகுதி கரைந்திருந்தது. நான்கு கட்டங்களில் இரண்டுதான் முடிந்திருந்தன. அப்போது எஃப்.பி.ஐ. வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஆட்களைக் குறைத்தது. வேலையை இரண்டு வாரத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் முடிந்ததும் பயன்படுத்தப் போகிறவர்களுக்குக் காட்டியது. 2012 ஜூலையில் சென்டினல் பயன்பாட்டுக்கு வந்தது.

இந்தச் சிந்தனை புதிதல்ல. ஜப்பானிய அறிஞர்கள் தாக்கேயுச்சியும் நோனாகாவும் 1986-இலேயே, சிறந்த தயாரிப்புக் குழுக்கள் தொடர் ஓட்டக்காரர்களைப் போல ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கோலை மாற்றுவதில்லை, ரக்பி ஆட்டக்காரர்களைப் போல எல்லோரும் சேர்ந்து பந்தோடு முன்னேறுகிறார்கள் என்று எழுதினார்கள். ‘ஸ்கிரம்’ என்பது ரக்பிச் சொல். 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபர்டில் கூடிய 17 மென்பொருள் வல்லுநர்கள் வெளியிட்ட அறிக்கைதான் ‘ஏஜைல்’ என்ற பெயரை உலகம் முழுவதும் கொண்டுபோனது.

மேலாளருக்கு இதில் எது மாறுகிறது? முதலில் கணக்கு. பழைய முறையில் செய்ய வேண்டிய வேலையின் அளவு நிலையானது. பணமும் காலமும்தான் இழுபடும். புதிய முறையில் காலமும் ஆட்களும் நிலையாக இருக்க, வேலையின் அளவு ஏறி இறங்கும். கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது, பந்தியில் எத்தனை வகை என்பதை மட்டும்தான் மாற்றலாம் என்பதைப் போல. ஆகவே ‘எப்போது எல்லாம் முடியும்?’ என்ற கேள்வி பின்னுக்குப் போய், ‘எது முதலில் வேண்டும்?’ என்ற கேள்வி முன்னுக்கு வருகிறது. வாடிக்கையாளரிடம் இந்தக் கேள்வியைக் கேட்பது எளிதில்லை. எல்லாமே முதலில் வேண்டும் என்பார்.

அடுத்தது காலைக் கூட்டம். விடியற்காலையில் மரத்தின் நீரழுத்தம் அதிகமாக இருப்பதால் அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். பெரட்டு இருட்டில் நடந்ததற்கு அது காரணம். ஆனால் எந்த மரத்தில் பால் வற்றிவிட்டது, எந்த நிரையில் பட்டை இன்னும் ஈரமாக இருக்கிறது என்பதெல்லாம் வெட்டுகிறவருக்குத்தான் முதலில் தெரியும். அவர் வாய் திறக்காத கூட்டத்தில் அந்தச் செய்தி மேலே போவதற்கு வழியில்லை. மென்பொருளிலும் இதே கதைதான். எங்கே சிக்கல் என்பது நிரல் எழுதுகிற இளைஞனுக்கு இன்று காலையே தெரியும். மேலாளரின் அட்டவணைக்கு அது மூன்று மாதம் கழித்துத்தான் வரும்.

மேலாளர் ஒவ்வொருவரையும் பார்த்து ‘உன் வேலை எத்தனை சதவீதம்?’ என்று கேட்கத் தொடங்கினால், பெயர்தான் ஸ்கிரம், நடப்பது பெரட்டு. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தே பதில் சொல்வார்கள், கெட்ட செய்தி மறைந்துவிடும். முதல் சில வாரங்களுக்கு வட்டத்துக்குப் பின்னால் நின்று, பேசாமல் கேட்பது நல்லது. அனுபவசாலிக்கு இது பெரிய சோதனை. பதில் நாக்கு நுனியில் இருக்கும்.

இன்னொரு அச்சமும் உண்டு. அதை வெளியே சொல்ல மாட்டார்கள். ஸ்கிரம் விதிகளில் ‘திட்ட மேலாளர்’ என்ற பதவியே கிடையாது. எது முதலில் வேண்டும் என்று முடிவு செய்யும் ‘புராடக்ட் ஓனர்’, தடைகளை நீக்கும் ‘ஸ்கிரம் மாஸ்டர்’, செய்து முடிக்கும் குழு, அவ்வளவுதான். ஐம்பது வயதில், வீட்டுக் கடன் இன்னும் பாக்கியிருக்க, தன் நாற்காலி இல்லாத வரைபடத்தைப் பார்ப்பவருக்கு எப்படி இருக்கும்? எதிர்ப்பைப் பிடிவாதம் என்று ஒதுக்குவது நியாயமில்லை.

அந்த அனுபவம் வீணும் இல்லை. செம்பனைத் தோட்டத்தையே பாருங்கள். குலை வெட்டு பொதுவாக 10 முதல் 14 நாளுக்கு ஒரு சுற்று. தாமதித்தால் பழம் உதிரும், எண்ணெயில் அமிலம் ஏறும். இது இரண்டு வாரத் துண்டு வேலை. ஒரு சுற்றில் கற்றதை அடுத்த சுற்றில் திருத்திக்கொள்ளலாம். மறுநடவு அப்படியல்ல. வடிகால், சாலை, கன்றுகளின் இடைவெளி எல்லாம் முன்கூட்டியே முடிவாக வேண்டும். மரம் சுமார் 25 ஆண்டு நிற்கும், பிழையும் அதனோடு நிற்கும். அங்கே பழைய முறையின் முழுத் திட்டம்தான் கைகொடுக்கும். எந்த முறை என்று தேர்ந்தெடுக்குமுன் மேலாளர் கேட்க வேண்டியது: செய்ததைக் குறைந்த செலவில் மாற்ற முடியுமா?

மாற்ற முடியாத வேலையிலும் சிறிதாகத் தொடங்க இடமுண்டு. பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபோக்கோனியே, சுமத்ராவிலிருந்து வந்த செம்பனை விதைகளை 1911, 1912 வாக்கில் ரந்தாவ் பஞ்சாங்கில் முதலில் அழகுக்காகத்தான் நட்டார். மரம் எப்படி வளர்கிறது என்று கண்ணால் பார்க்க அவருக்குச் சில ஆண்டுகள் கிடைத்தன. 1917-இல், காப்பி சரியாக வராத இடத்தில், தென்னமரம் தோட்டத்தில் வணிகத்துக்காக நட்டார். பெயரில் தென்னை இருந்தாலும், நம் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு அதுதான். நடந்தது இதே பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத்தில்.

உலகளாவிய திட்ட மேலாண்மைக் கழகமான பி.எம்.ஐ.யும் மெல்லத்தான் மாறியது. 2011-இல் ஏஜைல் சான்றிதழ் தரத் தொடங்கியது, 2017-இல் தனி வழிகாட்டி வெளியிட்டது, 2021-இல் தன் முதன்மை நூலையே படிகளிலிருந்து கொள்கைகளுக்கு மாற்றி எழுதியது.

நடைமுறையில் பெரிய முட்டுக்கட்டை ஒப்பந்தம். விலை, தேதி, வேலைப் பட்டியல் மூன்றையும் முன்பே கட்டிப்போடும் டெண்டரில் கையெழுத்திட்டுவிட்டு, குழுவிடம் மட்டும் ‘நெகிழ்வாக இருங்கள்’ என்றால் நடக்காது. இங்கேதான் பழைய மேலாளர் தேவைப்படுகிறார். பேரம் பேசவும், ஆபத்தைக் கணக்கிடவும், மேலிடத்துக்குப் புரிய வைக்கவும் அவருக்குத் தெரியும். முழு ஒப்பந்தத்தையும் ஒரே மூச்சில் எழுதாமல், முதல் இரண்டு மூன்று மாத வேலையைத் தனியாகப் பிரித்து, ஓடுகிற துண்டைப் பார்த்த பின் அதற்குப் பணம், அதன் பிறகு அடுத்த கட்டம் என்று கேட்டு வாங்கலாம். எழுதும்போதே, பாதியில் நிறுத்தினால் யாருக்கு என்ன பாக்கி என்பதையும் சேர்த்து எழுதிவிட வேண்டும்.