ஏற ஒரு தரை... இறங்க ஒரு தரை!



நம்ம பள்ளி ஏரோமாடலிங் மன்றத்துக்கு மைதானத்தின் வடக்கு ஓரத்தில் இடம் தரலாம் என்று தலைமை ஆசிரியர் சொல்லியிருக்கிறார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறார்: "எந்த மாதிரி ஓடுபாதை வேணும்னு நீங்களே யோசிச்சு, காரணத்தோட எழுதிக் கொடுங்க."

அந்த இடம் எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. கோ-கோ அணி அங்கேதான் பயிற்சி எடுக்கிறது. ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகள் வெறுங்காலோடு ஓடுவதும் அங்கேதான். அதனால் நம்ம எல்லோருக்கும் தெரியட்டும் என்று சுவர் இதழிலேயே எழுதுகிறேன்.

தரையில் என்ன இருக்கிறது?

விமானம் பறப்பது வானத்தில்தானே, தரை எப்படி இருந்தால் என்ன என்று கேட்கலாம். 1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்தது மணல் வெளியில். மணலில் சக்கரம் உருளாது. அதனால் அவர்கள் விமானத்துக்குச் சக்கரமே வைக்கவில்லை. சுமார் 60 அடி நீளத்துக்கு மரத் தண்டவாளம் போட்டு, அதன் மேல் ஓடவிட்டுத்தான் ஏறினார்கள். ஆக, தரைப் பிரச்சினை முதல் விமானத்திலேயே ஆரம்பித்துவிட்டது.

நம்ம கணக்கைப் பார்ப்போம். மாதிரி விமானத்தின் எடை 2 கிலோ, விசிறி இழுக்கும் விசை 1 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சிமென்ட் தரையில் சக்கரத்தின் உருளல் தடை எடையில் சுமார் 3 சதவீதம், அதாவது 60 கிராம்தான். உயரமான புல்லில் சுமார் 10 சதவீதம், 200 கிராம். பொலபொலவென்ற மணலில் 30 சதவீதம் வரை போகும், அதாவது 600 கிராம். அப்போது வேகம் எடுக்க மிச்சம் இருப்பது 400 கிராம் விசைதான். சிமென்டில் 940 கிராம் மிச்சம் இருந்தது. அப்படின்னா மணலில் இரண்டு மடங்குக்கும் அதிகமான தூரம் ஓடினால்தான் விமானம் ஏறும்!

எந்தெந்தத் தரை? நல்லதும் கெட்டதும்

1. சிமென்ட், தார்: சின்னச் சக்கரம் கூட வழுக்கிக்கொண்டு ஓடும். வேகமான ஜெட் மாதிரிகளுக்கு இதுதான் சரி. ஆனால் 40 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் கனம் என்று போட்டால் 20 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். எடை ஏறக்குறைய 48 டன்! அதன் மேல் கோ-கோ விளையாடி விழுந்தால் முட்டி என்ன ஆகும்? தாரோ சித்திரை வெயிலில் கொதிக்கும், பெட்ரோல் சிந்தினால் இளகும். இரண்டுமே ஒருமுறை போட்டால் போட்டதுதான், சுருட்டி வைக்க முடியாது.

2. வெறும் மண்: செலவு குறைவு. தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டினால் செம்மண் நன்றாக இறுகும். ஆனால் காய்ந்ததும் புழுதி கிளம்பும். எரிபொருள் என்ஜின்களில் பெரும்பாலும் காற்று வடிகட்டி கிடையாது. உள்ளே போகும் மணல் பிஸ்டனைக் கீறிவிடும். மின் மோட்டாரும் தப்பாது. அதில் காந்தம் இருப்பதால் மண்ணில் உள்ள இரும்புத் துகளை இழுத்து வைத்துக்கொள்ளும். இன்னொன்று, நம்ம மைதானத்தின் கிழக்கு மூலை கரிசல் மண். மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அந்தப் பக்கம் ஓடுபாதையே வேண்டாம்.

3. புல்: இறங்குவதற்கு இதைவிட நல்ல தரை இல்லை. விமானம் கொஞ்சம் சாய்ந்து இறங்கினாலும் புல் தாங்கும், விசிறி உடைவதும் குறையும். உங்களுக்குத் தெரியுமா? வெளிநாட்டு மைதானங்களில் 'பெர்முடா புல்' என்று பெருமையாகச் சொல்வது நம்ம பிள்ளையாருக்கு வைக்கும் அருகம்புல்தான்! மிதித்தாலும் தாங்கும். வெயிலில் காய்ந்து போனாலும் மழை வந்தால் மறுபடி துளிர்க்கும். கஷ்டம் என்னவென்றால் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சக்கரத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புல் வளர விடக்கூடாது என்பது எங்கள் அனுபவம். வளர்ந்தால் விமானம் மூக்குக் குத்தி நிற்கும்.

4. விரிப்பு: சாலைக்கு அடியில் விரிக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணியைப் பல நாட்டு மன்றங்களில் ஓடுபாதையாக விரிக்கிறார்கள். நம்ம ஊரில் அதைவிடத் தெரிந்த பொருள் ஒன்று உண்டு: கிரிக்கெட்டுக்கு விரிக்கும் தேங்காய் நார் மேட்டிங். நீளம் பிட்ச் அளவுக்கு 22 கஜம், அதாவது சுமார் 20 மீட்டர். இரண்டை நீளவாக்கில் சேர்த்தால் 40 மீட்டர். ஆனால் அகலம் 8 அடி அளவுதான். இறங்கும்போது காற்று ஒரு தள்ளு தள்ளினால் விமானம் விரிப்புக்கு வெளியேதான் இறங்கும்.

முடிச்சு இங்கேதான் அவிழ்கிறது

ஏறும்போது விமானத்தை நாம் வைத்த இடத்தில்தான் அது ஓட ஆரம்பிக்கும். அதற்கு வழவழப்பான தரை வேண்டும், குறுகலாக இருந்தாலும் பரவாயில்லை. இறங்கும்போது எங்கே தொடும் என்று நூல் பிடித்துச் சொல்ல முடியாது. அதற்கு அகலமான, மெத்தென்ற தரை வேண்டும். ஒரே தரையில் இரண்டையும் தேடுவதால்தான் சிமென்டா, புல்லா என்று சண்டை வருகிறது. ஏற ஒன்று, இறங்க ஒன்று என்று பிரித்துவிட்டால் சண்டை இல்லை.

காற்று எந்தப் பக்கம்?

தரையைவிட முக்கியம் திசை. விமானம் ஏற மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் வேண்டும் என்றால் அது நொடிக்கு 10 மீட்டர். எதிர்க்காற்றே நொடிக்கு 3 மீட்டர் வீசினால் தரையில் 7 மீட்டர் வேகம் போதும். ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 7 × 7 = 49, 10 × 10 = 100. பாதித் தூரம் காசில்லாமல் மிச்சம்!

கோவை விமான நிலைய ஓடுபாதையின் இரு முனைகளுக்கும் 05, 23 என்று எண் உண்டு. அவை திசைகாட்டியின் பாகைகள். 23 என்றால் 230 பாகை, அதாவது தென்மேற்கு. நம்ம பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிப்பது மேற்குக் காற்று. ஐப்பசி, கார்த்திகையில் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். ஆகவே நம்ம ஓடுபாதை கிழக்கு மேற்காக இருப்பது நல்லது. ஓட்டுபவர்கள் தெற்கே நின்று வடக்கு நோக்கிப் பறக்கவிட வேண்டும். வடக்கே இருப்பது தரிசு நிலம். வகுப்பறையும் விளையாடுபவர்களும் முதுகுக்குப் பின்னால் பத்திரமாக இருப்பார்கள்.

எங்கள் கோரிக்கை

* 60 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலத்துக்குச் செம்மண்ணைச் சமப்படுத்தி ரோலர் ஓட்ட வேண்டும். நடுவில் 6 சென்டிமீட்டர் உயர்த்தி இரு பக்கமும் சரித்தால் மழைநீர் தேங்காது.
* ஐப்பசி மழைக்கு முன்னால் முழுவதும் அருகம்புல் நட வேண்டும். நெருஞ்சி முள் பிடுங்குவதும் கல் பொறுக்குவதும் மன்றத்தின் பொறுப்பு.
* பறக்கவிடும் நாளில் மட்டும் நடுவில் இரண்டு பழைய மேட்டிங் விரிப்போம். முடிந்ததும் சுருட்டிவிடுவோம். மற்ற நாளெல்லாம் அது கோ-கோ மைதானம்தான்.
* விரிக்கும்போது எத்தனை ஆணி அடித்தோமோ, சுருட்டும்போது அத்தனை ஆணியும் எண்ணி டப்பாவில் விழ வேண்டும். ஓர் ஆணி குறைந்தாலும் அது கிடைக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. ஏனென்றால் மறுநாள் காலையில் அங்கே ஓடுவது செருப்பில்லாத கால்கள்.
* 2021இல் வந்த ட்ரோன் விதிகள் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகப் பிரிக்கின்றன. இயற்பியல் ஆசிரியரோடு உட்கார்ந்து அரசின் வரைபடத்தைப் பார்த்த பிறகே முதல் விமானம் கிளம்பும்.

இதில் குறை தெரிந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். முக்கியமாகக் கோ-கோ அணி அக்காக்களும் உடற்கல்வி ஆசிரியரும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை மணி அடித்ததும் வேப்பமரத்தடியில் மன்றக் கூட்டம். எல்லோரும் வாங்க!

கொசுறு: ரைட் சகோதரர்களின் முதல் பறத்தல் வெறும் 12 நொடி, 120 அடி தூரம். நம்ம இரண்டு மேட்டிங்கைச் சேர்த்தால் வரும் நீளம் அதைவிட அதிகம்!

— 11-ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவன், ஏரோமாடலிங் மன்றம்