மருமகள் ஜிம்முக்குப் போகிறாள்!

இரண்டாவது பிரசவத்தின்போது எனக்குச் சர்க்கரை கண்டது. குழந்தை பிறந்ததும் சரியாகிவிட்டது. ஆனாலும், "பின்னாடி திரும்ப வரலாம்மா, உடம்பை அசைக்கணும்" என்றார் டாக்டரம்மா. எங்கள் பேட்டைப் பூங்காவில் பொது உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது. காலை 10 முதல் 11 வரை பெண்களுக்கு மட்டும். சேர்ந்துவிட்டேன்.

"வீட்டு வேலை போதாதா?" என்றார் மாமியார். அதுவும் கணக்கில் சேரும்தான். ஆனால், வாரத்துக்கு 150 நிமிஷமாவது சற்றே மூச்சு வாங்கும்படியான உழைப்பும், 2 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் (2020). ரத்தத்திலுள்ள சர்க்கரையைச் செலவழிப்பதில் தசைகளுக்குத்தானே பெரும் பங்கு!

முதல் நாள் கண்ணாடியைப் பார்க்கவே கூச்சம். பக்கத்தில் அறுபது வயது அம்மாள் ஒருவர் சாவதானமாக எடை தூக்கிக்கொண்டிருந்தார். "பழகிடும், வாம்மா!" என்றார். பயிற்சி தரும் பெண் எடுத்த எடுப்பில் கனம் தூக்க விடவில்லை. 5 நிமிஷ நடை, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 தடவை, 1 கிலோ டம்பெல் 10 தடவை. தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும், அடக்கக் கூடாது.

இரண்டு மாதத்தில் எடை குறைந்தது ஒரு கிலோதான். ஆனால், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியேறினால் இப்போது மூச்சிரைப்பதில்லை.

சகோதரிகளே, பிரசவமானவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்துங்கள். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் பிரசவமான 6 வாரத்தில் ஒரு தரமும், பிறகு வருஷா வருஷமும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளத் தவறாதீர்கள்.