பெருக்கியா, ஒலிபெருக்கியா?

‘ஒலிபெருக்கி’ என்னும் சொல்லை நாம் ஸ்பீக்கருக்கும் சொல்கிறோம். சிலர் ஆம்பிளிஃபயருக்கும் சொல்கின்றனர். குழப்பம் சொல்லோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என் விடுமுறைச் சம்பளத்தையும் அது விழுங்கிவிட்டது.

கிள்ளானில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் அப்பா 2004இல் வாங்கிய ஸ்டீரியோ இருக்கிறது. ஞாயிறு காலையில் பழைய பாடல் கேட்பது அவர் வழக்கம். ஓராண்டாக அது நின்றிருந்தது. காரணம் கேட்டேன். “எல்லாம் கரகரன்னு கேக்குது தம்பி, எனக்குக் காது போச்சுன்னு நெனைக்கிறேன்” என்றார். போட்டுப் பார்த்தேன்; எனக்கும் கரகரத்தது. ஆகவே கோளாறு காதில் இல்லை. கடைக்காரர் ஒருவர் “வாட் பத்தல” என்றார். 40 வாட் ஆம்பிளிஃபயரை எடுத்துவிட்டு 80 வாட் வாங்கி மாட்டினேன். கரகரப்பு அப்படியே இருந்தது. சத்தமும் பெரிதாகக் கூடவில்லை.

பொறியியல் படிக்கும் நான் இதைக் கடைக்குப் போகுமுன் யோசித்திருக்க வேண்டும். ஆம்பிளிஃபயரின் வேலை, சிடி பிளேயரிலிருந்து வரும் சிறு மின்னலையை வடிவம் மாறாமல் பெரிதாக்குவது. ஆற்றலை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். மாறாக, 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்குப் பதில் 89 டெசிபல் தருவதை வைத்தால், அதே 40 வாட் 80 வாட்டின் வேலையைச் செய்துவிடும். (முன்பு மினி காம்போ பெட்டிகளில் ‘பிஎம்பிஓ 2000 வாட்’ என்று ஒட்டியிருப்பார்களே, நினைவிருக்கிறதா? எந்தப் பொது அளவுகோலுக்கும் கட்டுப்படாத எண் அது. ஆர்எம்எஸ் எண்ணைப் பாருங்கள்.)

அதற்காக வாட்டே வீண் என்று சொல்லவில்லை. சிறிய ஆம்பிளிஃபயரை அதன் எல்லையை மீறித் திருகினால் அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். அதில் பிறக்கும் உயர் அதிர்வுகள் ட்வீட்டரைச் சுட்டுவிடக்கூடும். 4 ஓம் ஸ்பீக்கர் 8 ஓம் ஸ்பீக்கரைவிட அதிக மின்னோட்டம் இழுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆனால் ஒலியின் குணம் பெரும்பாலும் ஸ்பீக்கரின் கையில்தான். நல்ல ஆம்பிளிஃபயரின் திரிபு 0.1 விழுக்காட்டுக்கும் கீழே இருக்கும். ஸ்பீக்கரோ சத்தம் கூடும்போது தாழ்ந்த ஒலிகளில் 1 விழுக்காட்டைச் சுலபமாகத் தாண்டும். காந்தத்தின் இடுக்கில் கம்பிச்சுருள் முன்னும் பின்னும் அசைந்து கூம்பைத் தள்ளுகிறது. அந்தக் கூம்பின் விளிம்பைச் சட்டத்தோடு பிணைப்பது, பல ஸ்பீக்கர்களில், ஒரு நுரை வளையம். நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் அது பத்து, இருபது ஆண்டுகளில் பொடிந்துபோகும்.

ஒரு மாலை முன்துணியைக் கழற்றினேன். வளையம் கறுப்புப் பொடியாக விரலில் ஒட்டியது. பிடிமானம் போய், சுருள் நடுவிலிருந்து விலகிக் காந்தத்தில் உரசியதுதான் கரகரப்பு! புது வளையம், பசை எல்லாம் சேர்த்தும் ஆம்பிளிஃபயர் விலையில் பத்தில் ஒரு பங்கு ஆகவில்லை. அப்படியே பெட்டிகளை மூலையிலிருந்து சற்று முன்னே இழுத்து வைத்தேன். மூலைச் சுவர்கள் தாழ்ந்த ஒலியை ஊதிப் பெரிதாக்கிவிடும்.

மறு ஞாயிறு அப்பா மதியம்வரை எழுந்திருக்கவில்லை. “காது நல்லாத்தான் இருக்கு தம்பி” என்றார். பழைய 40 வாட்டையே மீண்டும் மாட்டியிருக்கிறேன். 80 வாட் என் அறையில் இருக்கிறது, ஸ்பீக்கர் இல்லாமல்.