மரத்திலே காளான்: தறிப்பதா, விடுவதா?

மாரி தொடங்கி நாலு மழை விழுந்ததும் எமது வளவுகளில் காளான் முளைக்கத் தொடங்கிவிடும். குப்பைமேட்டில் முளைத்தால் நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை. முற்றத்து வேம்பின் அடியிலோ மாமரக் கொப்பிலோ முளைத்தால் என்ன செய்வது?

இங்கே இரண்டு விதமான தவறுகள் நடக்கின்றன. பட்டையில் வெள்ளைத் திட்டுப் படர்ந்துவிட்டதென்று பயந்து நல்ல மரத்தைத் தறித்துவிடுவது ஒன்று. அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் பிடித்த மரத்தைக் கவனியாது விட்டு, அதன் கொப்பிலேயே பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்டிக்கொடுப்பது மற்றது. முதல் தவறினால் நிழல் போகும். இரண்டாவது தவறினால் உயிரே போகலாம். 2008 நவம்பரில் நிசா புயலோடு வந்தது போன்ற பெருமழையில் மண் ஊறி இளகும்போது, வேர் உக்கிய மரமே முதலில் சரியும்.

காளான் என்பது கனி

நாம் வெளியே காண்பது பங்கசின் கனி மாத்திரமே. அதன் உடல் மெல்லிய இழைகளாக மரத்தினுள்ளே பரந்திருக்கும். பச்சையம் இல்லாததால் பங்கசு தனக்கு வேண்டிய உணவைத் தானே ஆக்கமுடியாது. மரத்திலுள்ள செலுலோசு, இலிக்னின் ஆகியவற்றைக் கரைத்தே அது வாழ்கிறது. மாங்காயைப் பிடுங்கினால் மாமரம் அழிந்துவிடாது. அதுபோலவே காளானைத் தட்டி விழுத்தினாலும் உள்ளேயுள்ள பங்கசு அழியாது. நாம் இழப்பது ஓர் எச்சரிக்கை அடையாளத்தைத்தான்.

உக்கலில் இரு வகைகளைக் காணலாம். இலிக்னினும் சேர்ந்து கரைந்தால் மரம் வெளுத்து, பஞ்சுபோலவும் நார்நாராகவும் வரும். இது வெள்ளை உக்கல். செலுலோசு மாத்திரம் போய் இலிக்னின் எஞ்சினால் மரம் கபில நிறமாகி, சதுரக் கட்டிகளாக வெடித்து, விரலால் நசித்தாலே தூளாகும். இது கபில உக்கல். கபில உக்கல் பிடித்த மரம் வளைந்து கொடுக்காது, திடீரென முறியும்.

அடையாளம் காண்பது எப்படி?

பட்டையில் சாம்பல், வெள்ளை அல்லது இளம்பச்சை நிறத்தில் காய்ந்த திட்டுக்கள் ஒட்டியிருந்தால் அது இலைக்கன். பங்கசும் அல்காவும் கூடிவாழும் உயிர் இது. மரத்தை உண்பதில்லை, பட்டையை இருப்பிடமாக மாத்திரம் கொள்கிறது. சுரண்டவும் வேண்டாம், மருந்தடிக்கவும் வேண்டாம்.

இலையில் கரி பூசியது போலிருந்து, விரலால் தேய்த்தால் கழன்று வருவது கரும்பூசணம். மாமரத்திலும், வெள்ளை ஈ பெருகிய தென்னையிலும் இதைக் காணலாம். பூச்சிகள் கழிக்கும் இனிப்பு நீரிலேயே இது வளர்கிறது. ஆகவே பூசணத்துக்கு மருந்து தேடாமல் பூச்சியைக் கட்டுப்படுத்த வேண்டும்.

பட்ட கொப்பிலே விரல் நக அளவில், வெண்சாம்பல் நிறத்தில், விசிறி வடிவில், அடிப்பக்கம் மடிப்பு மடிப்பாக இருக்கும் சிறு காளான் பெரும்பாலும் செத்த மரத்தை உண்பது. கொப்பு ஏற்கெனவே இறந்துவிட்டது என்பதே அதன் செய்தி. அந்தக் கொப்பைக் கழித்துவிட்டால் போதும்.

தண்டின் நடுப்பகுதியில், பழைய காயத்துக்கு அருகில், குதிரைக் குளம்பு போலக் கடினமான காளான் இருந்தால் மரத்தின் நடுவைரம் உக்குகிறது என்று கொள்ளலாம். ஆண்டுதோறும் ஒரு படையாக இது தடித்துக்கொண்டே போகும்.

எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது அடிமரத்திலும் மேல்வேரிலும் வருவது. மேற்பக்கம் செங்கபில நிறத்தில் வார்னிஷ் பூசியது போல மினுங்கும். வளரும் விளிம்பு வெள்ளையாக இருக்கும். சுற்றிலும் கோப்பித்தூள் போன்ற வித்திகள் படிந்திருக்கும். இது கனோடெர்மா இனம். வாகை, சவுக்கு, புளி, வேம்பு, மா எனப் பல மரங்களைத் தாக்கும். மரத்தைத் தாங்கி நிற்கும் வேரையே அது உண்கிறது. மேலே பச்சை இலை இருக்கிறதென்று நம்பிவிடக்கூடாது.

மரத்தைச் சுற்றி நிலத்தில் முளைக்கும் காளான்களிற் பெரும்பாலானவை மண்ணிலுள்ள சருகை உக்கவைத்து உரமாக்குபவை. ஒன்று சொல்லவேண்டும்: இங்கே கூறிய அடையாளங்கள் மரப் பராமரிப்புக்கு மட்டுமே உரியவை. இவற்றை வைத்து எந்தக் காளானையும் கறிக்கு எடுக்க வேண்டாம்.

தென்னைக்கு வரும் ஆபத்து

கனோடெர்மா தென்னையில் ஏற்படுத்தும் நோய்க்குத் தஞ்சாவூர் வாடல் என்று பெயர். 1952இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் இது பெரிதாகக் கவனத்துக்கு வந்தது. அடிமரத்து வெடிப்புகளில் செங்கபில நீர் கசியும். வெளிச்சுற்று ஓலைகள் மஞ்சளாகித் தண்டோடு தொங்கும். குரும்பை கொட்டும். காளான் தோன்றுவது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான். மணற்பாங்கான நிலத்தில், கோடையில் நீரின்றி வாடும் மரங்களே அதிகம் பாதிப்படைகின்றன.

பங்கசு வேர்வழியாகப் பக்கத்து மரத்துக்குப் போகும். ஆகவே நோயுற்ற தென்னையிலிருந்து ஒன்றரை மீற்றர் தள்ளி, 60 சென்ரிமீற்றர் ஆழமும் 30 சென்ரிமீற்றர் அகலமுமான கான் வெட்டி அதைத் தனிப்படுத்துமாறு தமிழ்நாட்டில் ஆலோசனை கூறுகிறார்கள். மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடலாம். இறந்த மரத்தை அடிக்கட்டையோடும் வேரோடும் கிளப்பி எரித்துவிட வேண்டும். கட்டையை விட்டுவைப்பது நோயை விட்டுவைப்பதாகும். கண்டபடி மருந்து ஊற்றுவதைத் தவிர்ப்போம். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில், மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போய்ச்சேர நெடுநாள் எடுக்காது.

பனையும் தென்னையும் வேம்பைப்போன்றவையல்ல. வேம்பு தண்டின் காயத்தை ஆண்டுதோறும் புதுப்பட்டையால் மூடிக்கொண்டு வரும். பனையால் அது முடியாது. அதில் பட்ட காயம் கடைசிவரை காயம்தான். போர்க்காலத்தில் செல் துண்டு பாய்ந்த பனைகளில் அந்தத் துளைகள் இன்றும் தெரிவதற்குக் காரணம் இதுவே.

மரத்தைச் சோதித்தல்

முதலில் சற்றுத் தள்ளி நின்று உச்சியைப் பாருங்கள். நுனிக் கொப்புகள் பட்டுள்ளனவா? இலை சிறுத்துள்ளதா? மரம் புதிதாகச் சாய்ந்துள்ளதா? பின்னர் அடிமரத்தைச் சுற்றிவந்து, மரச்சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். கோறையான இடத்தில் பறைபோன்ற ஒலி வரும். பொந்து இருந்தால் மெல்லிய கம்பியை விட்டு, எவ்வளவு நல்ல மரம் எஞ்சியுள்ளது என்று அளவுங்கள்.

கோறை என்பதற்காகத் தறிக்க வேண்டியதில்லை. நெடுந்தீவின் பெருக்கமரம் உள்ளே ஆள் நிற்கக்கூடிய கோறையோடு உயிர்வாழ்கிறது. தண்டின் ஆரையில் மூன்றிலொரு பங்குக்கு நல்ல மரம் சுற்றிவர இருந்தால் அது பொதுவாகத் தாங்கும் என்பர். இரண்டடி விட்டமுள்ள மரத்துக்கு இது நாலு அங்குலம். ஆனால் ஒரு பக்கம் பிளந்திருந்தாலோ வேர் உக்கியிருந்தாலோ இந்தக் கணக்குப் பொருந்தாது. வீடு, பாடசாலை, வீதி என்பவற்றின் மேல் விழக்கூடிய மரத்தில் அடிமரக் காளானைக் கண்டால் தாமதிக்க வேண்டாம். மற்ற இடமாயின் பாரத்தைக் குறைத்து, அதன் கீழ் நடமாடாமல் விடலாம். பலா, பனை போன்றவற்றைத் தறிக்க அனுமதி வேண்டும். முதலில் கிராம அலுவலரிடம் கேளுங்கள்.

வாசலைத் திறந்துவிடாதீர்கள்

பங்கசு பெரும்பாலும் காயத்தின் வழியாகவே நுழைகிறது. அந்தக் காயத்தை உண்டாக்குபவர்களில் முதலிடம் நமக்குத்தான். ஆட்டுக்குக் குழை வெட்டும்போது கொப்பைக் கிழித்துவிடுகிறோம். வேலிக்கம்பியை மரத்தில் ஆணியடித்து இறுக்குகிறோம். அடிமரத்தில் சருகு கூட்டி எரிக்கிறோம்.

பெரிய கொப்பை வெட்டும்போது முதலில் தண்டிலிருந்து ஓரடி தள்ளிக் கீழ்ப்பக்கம் கொஞ்சம் அரியுங்கள். பிறகு சற்று வெளியே மேலிருந்து அரிந்தால் பட்டை கிழியாது. எஞ்சிய குற்றியை, கொப்பு தண்டோடு சேருமிடத்திலுள்ள தடித்த வளையத்துக்கு வெளியே வெட்டுங்கள். அந்த வளையத்தைச் சேதப்படுத்தக் கூடாது. காயத்தை மூடுவது அதுதான்.

வெட்டுவாயில் தார் பூசுவதும் பொந்தைச் சீமெந்தால் அடைப்பதும் எமது வழக்கம். அமெரிக்க மரவியலாளர் அலெக்ஸ் ஷைகோ பல்லாயிரம் மரங்களை அறுத்துப் பார்த்து, பூச்சு உக்கலைத் தடுப்பதில்லை என்று காட்டினார். மரம் உக்கிய பகுதியைச் சுற்றித் தானே ஒரு சுவரை எழுப்பி ஒதுக்கிவிடுகிறது. பொந்தைச் சுரண்டினால் அந்தச் சுவர் உடைந்துவிடும். சுத்தமான வெட்டும், கோடையில் தண்ணீரும், அடியில் சருகுப் போர்வையுமே மரத்துக்கு நாம் செய்யும் உதவி.

ஐப்பசி மழைக்கு முன் ஒரு பின்னேரம் ஒதுக்கி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வளவைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு மரத்தின் அடியையும் பாருங்கள். ஐயமிருந்தால் விவசாயப் போதனாசிரியரிடமும், தென்னையாயின் தென்னைப் பயிர்ச்செய்கைச் சபை உத்தியோகத்தரிடமும் காட்டுங்கள். ஊஞ்சலை அதற்குப் பிறகு கட்டலாம்.